அடிபட்ட கால்



சென்ற நவராத்திரி காலத்திலே, சரசுவதி பூசைக்கு வகுப்பறையை ஒழுங்கு செய்யும்பொழுது, முதிரை மரத்தாற் செய்யப்பட்ட வாங்கொன்று நமது வலக்காலின்மேல் விழுந்தது. பூசைக்கென்று கழுவிய இடமாதலாற் பாதரட்சை அணிந்திலேம். வாங்கின் ஒரு தலையை நாமும் மறு தலையை நான்காம் வகுப்பு மாணவனொருவனும் பிடித்திருந்தோம். அவன் கை வழுவிற்று. பெருவிரலினகம் கறுத்தது, அதனோரத்திலே தோல் கிழிந்து இரத்தம் பெருகிற்று. அவ்வளவே. இச்சிறு காயத்துக்கும் ஒரு பிரசங்கமோ என்று நகைப்பவர்கள் சற்றே பொறுப்பார்களாக. காயம் சிறிது, அதனைத் தொடர்ந்து நாம் செய்த பிழைகள் சிறியனவல்ல.

முதற்பிழையை நாவினாலே செய்தோம். நோவு தலைக்கேறிய அக்கணத்திலே, "மூடனே, உன்னாலன்றோ!" என்று அச்சிறுவனைச் சினந்தோம். அவன் யாதும் பேசாது நின்றான். மற்றைநாள் அவன் பாடசாலைக்கு வந்திலன். அதனையும் நாம் கவனித்திலேம்.

அடுத்த பிழை வைத்தியத்திலே நிகழ்ந்தது. அருகில் நின்றோர் சிலர் கோப்பித்தூளைக் கொணர்ந்தார்கள், சிலர் சுண்ணாம்பென்றார்கள், ஒருவர் அன்பின் மிகுதியால் விபூதியையே எடுத்து அப்பினார். விபூதி சிவசின்னம், நெற்றியிலும் மார்பிலும் தோளிலும் தரிக்கப்படுவது. திறந்த புண்ணின் வாயை அடைத்தற்கு அஃது ஏற்பட்டதன்று. எப்பொடியாயினும் புண்ணிலே படிந்தால் அழுக்கை உள்ளே நிறுத்துமேயன்றிப் புறத்தே போக்காது. ஓடுகின்ற சுத்த நீரினாலே நன்றாகக் கழுவி, சுத்தமான துணியினால் அழுத்தி இரத்தத்தை நிறுத்தி, மூடிக் கட்டுதலே செய்யத்தக்கது. ஏற்புவலியென்னுங் கொடிய நோயின் கிருமி மண்ணிலும் விலங்குகளின் சாணத்திலும் நெடுங்காலம் உறங்கிக்கிடந்து, புண்வழியே உடம்பினுட் புகுவது. ஆதலால் அழுக்குப் பட்ட காயமுடையவர், முன் ஏற்பூசி போட்டு 5 வருடங் கடந்திருப்பின், தாமதியாது வைத்தியரிடஞ் சென்று அதுபற்றி விசாரித்தல் வேண்டும்.

இவற்றுள் ஒன்றையும் செய்யாது மற்றைநாள் நொண்டிக்கொண்டு வகுப்புக்குப் போயினேம். போனதுமன்றி, அதற்குச் சாத்திரமுங் காட்டினேம்! திருநாவுக்கரசு சுவாமிகள் திருக்கைலாசத்தை நோக்கிச் செல்லும்பொழுது, திருவடிகள் பரடளவுந் தேய்ந்தபின் கைகளாலே தாவிச் சென்றார். கைகளுந் தேய மார்பினாலே நகர்ந்தார். அதுவும் இயலாதாகப் புரண்டு சென்றார். அப்பெருமானுடைய அடியார் ஒரு விரனோவுக்கு லீவு கேட்பதா என்று உபாத்தியாயர்கள் நடுவிலே பேசினேம். கேட்டோர் வியந்தார்கள். அவ்வியப்பு நமக்கு இனிதாயிருந்தது. மறைப்பதென்னை? அன்று நம்மை நடத்தியது பத்தியன்று, அகங்காரமே.

பெரியபுராணத்தை அன்றிரவு மீண்டும் எடுத்தபொழுது வேறோரிடங் கண்ணிற்பட்டது. திருஞானசம்பந்தமூர்த்தி சுவாமிகள், தந்தையார் தோளின்மேலிருந்து செல்லுதலை ஒழித்து, திருநெல்வாயிலரத்துறையை நோக்கித் தாமே நடந்தருளினார். பிஞ்சுப் பாதங்கள் நொந்தன. இராக்காலம் வர, மாறன்பாடியிலே தங்கினார். அந்நோவைப் பொறாத பரமசிவன் அரத்துறையிலுள்ளோர் கனவிலே தோன்றி, முத்துச்சிவிகையும் குடையும் சின்னமுங் கொடுக்கப் பணித்தருளினார். பிள்ளையார் அவற்றை வேண்டாமென்றிலர். வணங்கி ஏற்று, சிவிகைமேல் எழுந்தருளினார். கால் தேய்ந்த அடியவரை ஆட்கொண்ட கடவுளே கால் நொந்த பிள்ளைக்குச் சிவிகையும் அளித்தார். நாவரசர் தேய்த்தது இறைவனைக் காணும் பொருட்டு. நாம் தேய்க்கப்போனது பிறர் நம்மைக் காணும் பொருட்டு. நமக்கு வாய்த்த சிவிகை ஒரு முக்காலியும் இரண்டு நாள் ஓய்வுமே. அவற்றை மறுத்தல் வீரமாகாது.

மூன்றாநாள் விரல் தடித்துத் துடிக்க, வைத்தியசாலைக்குச் சென்றேம். ஊடுகதிர்ப்படத்திலே எலும்பு முறிவு காணப்பட்டிலது. நகத்தின்கீழே தங்கிய இரத்தம் அழுத்துதலே அத்துடிப்புக்குக் காரணமென்று வைத்தியர் கூறி, நகத்திலே சிறு துளையிட்டு அதனை வெளிப்படுத்தினார். நோவு உடனே தணிந்தது. (இதனை வீட்டிலே ஊசி கொண்டு செய்யத் துணியற்க.) காலை நெஞ்சின் மட்டத்துக்கு மேலே உயர்த்தி வைக்கவும், முதலிரண்டு நாளும் பனிக்கட்டியைத் துணியிற் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்திருக்கவும் வேண்டுமென்றும், அவற்றை முன்னரே செய்திருந்தால் வீக்கம் இவ்வளவு ஏறியிராதென்றும் சொன்னார். நிலத்திலே ஊன்ற முடியாமை, விரல் கோணுதல், மரத்துப்போதல், சீழ், பரவுகின்ற செம்மை, சுரம் இவற்றுளொன்று தோன்றினும் வைத்தியசாலைக்குப் போதல் வேண்டும். சலரோகமுடையவர்கள் காலிலே சிறு கீறலையும் சிறிதென்று எண்ணலாகாது. அவர்களுட் பலர்க்கு நோவு தெரியாமலே புண் ஆழமாகும்.

இனி, நம்மை உறங்கவொட்டாத விஷயத்துக்கு வருவோம். "எல்லாம் வினை" என்று நமக்கு ஆறுதல் கூறினவர்கள் பலர். சைவர்களாகிய நாம் அதனை மறுப்போமல்லேம். அனுபவித்தற்கு அமைந்தது பிராரத்தம். அனுபவிக்கும்பொழுது புதிதாக ஈட்டப்படுவது ஆகாமியம். இப்பாகுபாட்டை மாணவர்க்கு எத்தனையோ முறை படிப்பித்திருக்கின்றேம். கட்டிலிலே காலை உயர்த்திக் கிடந்தபொழுதே அது நமக்கு விளங்கிற்று. காலின்மேல் வாங்கு விழுந்தது பிராரத்தமாகலாம். நமது நாவினின்று ஒரு குழந்தையின்மேல் விழுந்த சொல் ஆகாமியம். முன்னதற்கு மருந்திட்டேம். பின்னதற்கு யாது செய்தேம்?

அன்றியும், வினையென்னுஞ் சொல்லை நமது நோவைப் பொறுத்தற்கு எடுத்தாளுதல் தகும். நமது கவலையீனத்தை மூடுதற்கு எடுத்தாளுதல் தகாது. அவ்வாங்கின் கால் ஆடுவதென்பது நமக்குப் பல மாதமாகத் தெரியும். ஒன்பது வயதுப் பிள்ளை முதிரை வாங்கைத் தூக்கலாமா என்று நாம் ஒரு கணமும் யோசித்திலேம். பாரம் அவன்மேல் விழாது நம்மேல் விழுந்தது சிவபெருமானுடைய திருவருளே. தொழிற்சாலையிலே ஒருவன் அடிபடும்பொழுது முதலாளி "உன் வினை" என்று சொல்லிப் போவானாயின் நாம் அவனைக் கொடியவனென்போம். வகுப்பறையிலே முதலாளி யார்?

நாலாநாள் மாலையிலே தடியூன்றிக்கொண்டு அச்சிறுவன் வீட்டுக்குப் போயினேம். தாயார் பதறி எழுந்து, தண்டிக்க வந்தோமென்று நினைந்து, அவனுக்காக மன்னிப்புக் கேட்டார். அவன் கதவின் பின்னே நின்றான். பெயர் சொல்லி அழைத்தபின் வெளியே வந்து, முகத்தைப் பாராது கட்டை மாத்திரம் பார்த்து, "நோகுதோ ஐயா?" என்றான். "நோகுது தம்பி. ஆனால் அது உன்ரை பிழையில்லை. அவ்வளவு பாரத்தை உன்ரை கையிலை தந்தது எங்கடை பிழை. நான் ஏசினதும் பிழை" என்றேம். ஆசிரியன் மாணவனிடத்திலே பிழையை ஒத்துக்கொண்டால் மதிப்புக் குறையுமென்பர் சிலர். நாமும் முன் அப்படிச் சொன்னவர்களே. அவன் உள்ளே போய்த் தேநீரை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தான்.

வாங்கின் காலைத் தச்சர் ஆணியறைந்து இறுக்கிவிட்டார். இப்பொழுது அதனை வளர்ந்தவர் இருவரே தூக்குகின்றனர். கறுத்த நகம் சில வாரத்திலே கழன்றது; கால் பெருவிரலுக்குப் புதிய நகம் முற்ற வளர ஒரு வருடமும் அதற்கு மேலும் செல்லும். திங்கட்கிழமைதோறும் அச்சிறுவன் நமது மேசையருகிலே வந்து, அஃது எவ்வளவு வளர்ந்ததென்று குனிந்து பார்த்துப் போகின்றான்.