கீழூரில் 178 பேர்

விழுப்புரத்தில் புதுச்சேரி பேருந்து ஏறினால் கோலியனூர், வளவனூர் வரைக்கும் தமிழ்நாடு. மதகடிப்பட்டில் புதுச்சேரி தொடங்குகிறது. திருபுவனை, திருவாண்டார்கோவில் தாண்டினால் கண்டமங்கலம், மறுபடியும் தமிழ்நாடு. அரியூர் வந்தால் திரும்பவும் புதுச்சேரி. நாற்பது கிலோமீட்டர்கூட இல்லாத பாதையில் மூன்று முறை எல்லை கடக்க வேண்டியிருக்கிறது. பெட்ரோல் விலை மாறுகிறது, சாலையோரம் மதுக்கடைகள் வரிசை கட்டுகின்றன, திரும்பும்போது மதுவிலக்குப் போலீசார் பையைத் திறந்து பார்க்கிறார்கள். இன்றைக்கு இது எரிச்சலோடு முடிந்துவிடுகிற சமாச்சாரம். ஆனால் 1947-க்குப் பிறகு ஏழு ஆண்டுகள் இதே கோடு இரண்டு நாடுகளின் எல்லையாக இருந்தது. ஒரு நாடு, தான் இருக்கும் ஒன்றியத்தை விட்டு விலகலாமா என்று உலகில் எங்கே விவாதம் நடந்தாலும் எனக்கு இந்தச் சாலைதான் நினைவுக்கு வரும்.

பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் நடத்திய போர்களும், பிற்பாடு அவர்கள் செய்துகொண்ட உடன்படிக்கைகளும் ஊர் ஊராகக் கிழித்துப் போட்ட நிலம் இது. ஆட்சி இரண்டாக இருந்தாலும் பிழைப்பு ஒன்றாகவே இருந்தது. 1879-இல் விழுப்புரத்துக்கும் புதுச்சேரிக்கும் ரயில் ஓடத் தொடங்கியது. தென்னாற்காட்டுக் கொல்லைகளில் விளைந்த மல்லாட்டை புதுச்சேரித் துறைமுகம் போய், அங்கிருந்து பிரான்சுக்குக் கப்பலேறியது. பெண் எடுப்பதும் கொடுப்பதும் எல்லை பார்த்து நடக்கவில்லை. 1941-இல் ஏற்பட்ட சுங்க உடன்பாடு இந்த நடைமுறைக்குச் சட்ட வடிவம் கொடுத்தது. 1949 மார்ச் மாதத்தோடு இந்திய அரசு அந்த உடன்பாட்டை முடித்துக்கொண்டது. அதன் பிறகு இந்தப் பாதையில் சுங்கக் காவல் வந்தது, மூட்டை பிரித்துச் சோதனை வந்தது. 1954-இல் நெருக்கடி முற்றியபோது போக வரப் பெர்மிட் கேட்டார்கள். வீடு ஒரு பக்கமும் நிலம் மறுபக்கமும் இருந்த குடியானவருக்கு இது அன்றாடத் துன்பம். தில்லிக்கும் பாரீசுக்கும் இடையில் நடந்த பேச்சுவார்த்தையில் அவருக்கு நாற்காலி கிடையாது.

அன்றைய புதுச்சேரி, 1946-ஆம் ஆண்டு பிரெஞ்சு அரசியல் சட்டம் உருவாக்கிய பிரெஞ்சு ஒன்றியத்தின் ஓர் அங்கம். பாரீஸ் நாடாளுமன்றத்தில் அதற்கு உறுப்பினர் இருந்தார். அந்த ஒன்றியத்தை விட்டு விலகக் கூடாது என்று சொன்னவர்களையெல்லாம் அடிமைப் புத்திக்காரர்கள் என்று இன்று எழுதிவிடுவது சுலபம், நியாயமல்ல. பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வூதியம் வாங்கிய சொல்தாக்கள் இருந்தார்கள். சைகோனில் அரசாங்க உத்தியோகம் பார்த்து வீட்டுக்குப் பணம் அனுப்பியவர்கள் இருந்தார்கள். வாழ்க்கை முழுவதையும் பிரெஞ்சு மொழியில் படித்துத் தேறிய குடும்பங்கள் இருந்தன. அவர்களுடைய அச்சம் சோறு பற்றிய அச்சம்.

ஆனாலும் விலகியதுதான் சரி என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. 1936 ஜூலை 30 அன்று புதுச்சேரியில் சங்கம் வைக்கும் உரிமையும் வேலை நேரக் குறைப்பும் கேட்டுப் போராடிய ஆலைத் தொழிலாளர்களில் 12 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். வ. சுப்பையா போன்றவர்கள் அந்தப் போராட்டத்திலிருந்துதான் மக்கள் தலைவர்களாக எழுந்தார்கள். நாடாளுமன்றத்தில் ஓர் இடம் கொடுத்துவிட்டு, ஆளுநரை மட்டும் கடல் கடந்து அனுப்பிக்கொண்டிருந்த அமைப்பு அது. அதன் பெயரில் ஒன்றியம் இருந்தது. மக்களின் வாழ்க்கையோ வளவனூரோடும் பண்ருட்டியோடும் திண்டிவனத்தோடும் பிணைந்திருந்தது.

விலகிய விதத்தில்தான் எனக்கு ஒரு குறை உண்டு. பிரெஞ்சு ஒன்றியத்தை ஆதரித்து அரசியல் செய்த எதுவார் குபேர், 1954 மார்ச்சில் நெட்டப்பாக்கத்திலிருந்து இணைப்புக்குக் குரல் கொடுத்தார். அதன் பிறகு காரியங்கள் வேகமாக நகர்ந்தன. அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். இணைப்புக்கு ஆதரவாக 170, எதிராக 8. நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1949 ஜூனில் வங்காளத்துச் சந்தன்நகரில் மக்களே வாக்களித்து இந்தியாவோடு சேர முடிவெடுத்திருந்தார்கள். புதுச்சேரிக்காரரிடம் அப்படி யாரும் நேரடியாகக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் முடிவு மாறியிருக்காது என்றுதான் நம்புகிறேன். அதனாலேயே கேட்டிருக்கலாம். எதிர்த்து வாக்களித்த எட்டுப் பேரின் பின்னால் எத்தனை ஆயிரம் பேர் நின்றார்கள் என்பதை அறிய வழியில்லாமல் போய்விட்டது.

அதன் பிறகு நடந்ததில் பாடம் கற்க நிறைய இருக்கிறது. 1956 மே 28 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. அல்ஜீரியப் போரில் சிக்கியிருந்த பிரான்ஸ், அல்ஜீரியா விடுதலையடைந்த 1962 ஜூலையில்தான் அதற்கு நாடாளுமன்ற ஒப்புதல் கொடுத்தது. ஆகஸ்ட் 16-இல் சட்டப்படி கைமாற்றம். 1954-க்கும் 1962-க்கும் இடைப்பட்ட எட்டு ஆண்டுகளை வீண் தாமதம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அரசு ஊழியருக்கு என்ன ஆகும், ஓய்வூதியம் யார் தருவது, பிரெஞ்சுப் பள்ளி நடக்குமா என்றெல்லாம் உட்கார்ந்து எழுதினார்கள். மக்கள் பிரதிநிதிகள் வேறு முடிவெடுக்கும் வரை பிரெஞ்சே ஆட்சிமொழியாக நீடிக்கும் என்று ஒப்புக்கொண்டார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொள்ள விரும்பியவர்களுக்கு ஆறு மாத அவகாசம் கொடுத்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு அந்த ஆறு மாதம் போதுமா என்பது வேறு கேள்வி, போதாது. ஆனாலும் விலகலால் இழப்பவர்களை எண்ணிப்பார்த்து எழுதப்பட்ட உடன்படிக்கை அது.

அதே 1962-இல், மே 1 அன்று, மாநிலங்களவையில் அண்ணா தம் முதல் உரையை நிகழ்த்தினார். அவர் கேட்டது நேர் எதிரான விலகல்: இந்திய ஒன்றியத்திலிருந்து திராவிட நாடு பிரிந்துபோகும் உரிமை. அக்டோபரில் சீனப் போர் வந்தது. 1963-இல் பிரிவினை பேசுவோர் தேர்தலில் நிற்பதைத் தடுக்கும் பதினாறாவது திருத்தம் வந்தது. அண்ணாவின் தி.மு.க. அந்தக் கோரிக்கையைக் கைவிட்டது, பிரிவினை கேட்டதற்கான காரணங்கள் அப்படியே இருக்கின்றன என்றும் சொன்னது. அந்தக் காரணங்களைத்தான் பிற்பாடு மத்திய-மாநில உறவுகளை ஆராய்ந்த ராஜமன்னார் குழுவும் 1974-இன் மாநில சுயாட்சித் தீர்மானமும் உள்ளிருந்தே பேசின. நிதியும் மொழியும் அதிகாரமும் பற்றிய வழக்கை ஒன்றியத்துக்குள்ளேயே நடத்த வழியிருக்கும்வரை அங்கே நின்று நடத்துவதே மேல் என்று நான் கருதுகிறேன். அப்படிப் பேசுகிறவரைத் துரோகி என்று அழைக்கிற ஒன்றியம் அந்த வழியைத் தானே அடைக்கிறது.

2016 ஜூன் 23 அன்று பிரிட்டன் தன் மக்களிடம் நேரடியாகவே கேட்டது. ஏறக்குறைய 52 விழுக்காட்டினர் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகச் சொன்னார்கள். கீழூரில் இல்லாதது அங்கே இருந்தது. ஆனால் வாக்களித்த பிறகே, அயர்லாந்து நிலத்தில் தங்களுக்கு ஓர் எல்லை இருக்கிறது என்ற உண்மையை லண்டன் முழுதாக உணர்ந்ததுபோலத் தெரிந்தது. அந்த எல்லையிலும் வயல்கள் இரண்டு பக்கம் கிடக்கின்றன, பால் வண்டி ஒரு நாளில் பலமுறை கடக்கிறது. விலகவே வேண்டாம் என்று பெரும்பான்மையாக வாக்களித்த வட அயர்லாந்துதான் அந்தச் சுமையைத் தாங்கியது. 2020 ஜனவரி 31-இல் விலகிய பிறகும் அந்தப் பிரச்சினை ஆண்டுக்கணக்கில் இழுத்தது. மக்களிடம் கேட்பது அவசியம். எதைக் கேட்கிறோம், அதற்குப் பிறகு எல்லையோரத்தில் என்ன நடக்கும் என்று முன்னதாக எழுதி வைப்பதும் அதே அளவு அவசியம்.

மக்களிடம் கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பதைப் புதுச்சேரியும் காட்டியிருக்கிறது. 1979 ஜனவரியில், புதுச்சேரியைத் தமிழ்நாட்டோடு இணைத்துவிடலாம் என்ற யோசனையைப் பிரதமர் மொரார்ஜி தேசாய் வெளியிட்டார். ஊர் கொந்தளித்தது, உயிர்கள் போயின. பேசும் மொழி ஒன்று, உறவு ஒன்று, வயலும் வரப்பும் ஒன்று. ஆனாலும் தங்களைக் கேட்காமல் யாரும் சேர்த்துவிடக் கூடாது என்பதில் அந்த மக்கள் உறுதியாக இருந்தார்கள். யோசனை கைவிடப்பட்டது. இன்றும் அங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட முதலமைச்சர் துணைநிலை ஆளுநரின் ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. மக்களவையில் அந்தப் பிரதேசம் முழுவதற்கும் ஒரே இடம். தனி மாநிலத் தகுதி கேட்டு அதன் சட்டமன்றம் தீர்மானத்துக்கு மேல் தீர்மானமாக நிறைவேற்றி அனுப்புகிறது. தில்லி இதுவரை அதைத் தரவில்லை.