மனுவும் படமும்

2017 அக்டோபர் 23, திங்கட்கிழமை. நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் ஒரு கூலித் தொழிலாளியின் குடும்பம் தற்கொலை முயற்சியில் அழிந்தது. கணவன், மனைவி, இரண்டு பெண் குழந்தைகள். எப்படி என்று இங்கே எழுதப்போவதில்லை. அன்று இருட்டுவதற்குள் அந்தக் காட்சியின் படம் தாம்பரத்தை அடுத்த இரும்புலியூர்வரை வந்துவிட்டது. டீக்கடை பெஞ்சில், தாம்பரம் மின்சார ரயிலில், பள்ளிப் பிள்ளைகள் கையில்கூட அதுதான். தொலைக்காட்சிகளோ அதே காட்சியை ஓயாமல் ஓட்டின.

கந்துவட்டிக் கொடுமை தாங்கவில்லை என்று அதே அலுவலகத்தில் அவர்கள் பலமுறை மனு கொடுத்திருந்தார்கள். அநியாய வட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் உண்டு. அப்படியிருந்தும் அந்த மனுக்கள் எந்த மேசைக்குப் போயின, எந்தக் காவல் நிலையத்தில் தங்கின, யார் என்ன எழுதித் திருப்பினார்கள்? செய்தியாளர்கள் துருவியிருக்க வேண்டியது இதைத்தான். படத்தைப் பார்த்த கண்கள் கோடி. மனுவைப் படித்தவர் யார்?

படம் வந்ததால்தானே நாடு திரும்பிப் பார்த்தது என்பார்கள். பார்த்தது, மறுக்கவில்லை. பிறகு ஆட்சியர் அலுவலக வாசல்களில் மனு கொடுக்க வருகிறவர்களின் பையைப் போலீஸார் துழாவத் தொடங்கினார்கள். உயிரைக் காக்க அது தேவையாக இருக்கலாம். அந்த மனுவையும் அதே அக்கறையோடு பார்க்க வேண்டாமா? 2024-இல் வந்த பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டம், தற்கொலை முயற்சியைப் பொதுவாகக் குற்றமாக்கவில்லை. ஆனால் அரசு ஊழியரை நிர்ப்பந்திக்க அப்படி முயன்றதாகச் சொன்னால் 226-ஆம் பிரிவில் ஓராண்டுவரை சிறை. கேட்க ஆளில்லாமல் வாசலில் நிற்கும் ஏழைமேல்தான் அது பாயும். இதை என்னால் ஏற்க முடியவில்லை.

தற்கொலையைப் பரபரப்பாக எழுதினால் அடுத்த உயிரும் போகும் என்பது அனுபவம் சொன்ன பாடம். வியன்னா சுரங்க ரயில் தற்கொலைகளை அங்குள்ள பத்திரிகைகள் 1987-இல் அடக்கி எழுதத் தொடங்கியபின், அவை ஏறத்தாழ முக்கால் பங்கு குறைந்தன. முறையை விவரிக்காதீர்கள், படம் போடாதீர்கள் என்று நம் பிரஸ் கவுன்சிலும் 2019-இல் சொல்லிவிட்டது.

செய்தியாளத் தம்பி தங்கைகளே, திங்கட்கிழமை குறைதீர் நாளில் வரிசையில் நிற்பவரிடம் மனு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். ஒரு மாதம் கழித்து அது என்ன ஆயிற்று என்று எழுதுங்கள். இரும்புலியூர் மக்கள் மனுவோடு செங்கல்பட்டு ஆட்சியர் அலுவலகத்துக்குப் போகிறார்கள், அங்கிருந்தே தொடங்கலாம். அப்படிப்பட்ட படம் உங்கள் செல்பேசிக்கு வந்தால், யாருக்கும் அனுப்பாமல் அழித்துவிடுங்கள். மனம் உடைந்து நிற்பவர் யாராவது அருகில் இருந்தால் தனியே விடாதீர்கள். சென்னை சினேகா மையத்தின் 044-24640050 எண்ணையோ, அரசின் டெலி மானஸ் 14416 எண்ணையோ நீங்களே அழைத்து, அவரைப் பேச வையுங்கள்.