அவாவும் பொறுப்பும்: மூளையியல் எழுப்பும் ஓர் அறவினா

முன்னுரை

அவாவிற்கு அடிமையானவனை, இன்பத்திற்காக அறத்தைக் கைவிட்டவன் என்று பழிப்பது உலக வழக்கு. அவாவும் இன்பமும் ஒன்றே என்னும் கருத்தின்மேல் இப்பழிப்பு நிற்கிறது. மூளையின் லிம்பிக் மண்டலம் பற்றிய ஆய்வுகள் அக்கருத்தை ஐயத்திற்கு உள்ளாக்கியுள்ளன. அதனால் எழும் அறவினாவை இக்கட்டுரை ஆராய்கிறது.

அவா வேறு, இன்பம் வேறு

1954ஆம் ஆண்டு கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீட்டர் மில்னர் ஆகியோர் எலிகளின் மூளையுள் மின்முனைகளைப் பொருத்தினர். நெம்புகோலை அழுத்தினால் லிம்பிக் மண்டலத்தின் ஒரு பகுதி மின்தூண்டல் பெறும். எலிகள் அதனை மீண்டும் மீண்டும் அழுத்தின. அத்தகைய பகுதிகள் 'இன்ப மையங்கள்' எனப் பெயர் பெற்றன.

கென்ட் பெரிட்ஜ் முதலானோரின் பிற்கால ஆய்வுகள் இப்பெயரைத் திருத்தின. டோபமைன் என்னும் வேதிப்பொருளைப் பெரிதும் இழந்த எலிகள் உணவை நாடவில்லை. ஆயினும், வாயில் இனிப்பு நீரை இட்டபோது சுவைத்து மகிழும் முகக்குறிகளை வழக்கம்போலக் காட்டின. எனவே டோபமைன் இன்பத்தைத் தருவதினும் அதனை நோக்கி உயிரைச் செலுத்துகிறது எனலாம். துய்ப்பு குன்றிய பின்னும் அவா வளரக்கூடும் என்பதும் இதனால் பெறப்படும்.

பொறுப்பு எங்கே?

2005ஆம் ஆண்டு அமெரிக்காவின் மயோ மருத்துவமனை மருத்துவர்கள், சூதாட்ட வெறிக்கு ஆளான 11 பார்க்கின்சன் நோயாளிகளைப் பற்றி எழுதினர். அனைவரும் டோபமைன் போலச் செயற்படும் மருந்தை உட்கொண்டவர்கள். தொடர்ந்து கவனிக்கப்பட்டோரிடம், மருந்தைக் குறைத்த அல்லது நிறுத்திய பின் அவ்வெறி நீங்கியது. அவர்கள் இழந்த பொருளுக்கும் குடும்ப நம்பிக்கைக்கும் யார் பொறுப்பு? மருந்து எழுப்பிய வெறிக்கு அவர்களைப் பழித்தல் முறையன்று. அவ்வாறாயின், மருந்தின்றி இயல்பாகவே மிகுந்த அவாவை உடையவனை மட்டும் பழிப்பது எங்ஙனம் பொருந்தும்?

இதனால் அறப்பொறுப்பே இல்லை என்று கொள்ளுதல் பிழை. எலி தன் அவாவை அறியாது, மனிதன் அறிவான். தன் நிலையை உணர்ந்தவன் பணப்பொறுப்பை இல்லத்தாரிடம் ஒப்படைக்கலாம். சூதாடும் இடத்திற்குச் செல்லும் வழியையே தவிர்க்கலாம். பொறுப்பு, அவா எழும் கணத்தில் அன்று, அதற்கு முன்னரே செய்துகொள்ளும் காப்பில் உள்ளது. மூளையின் இவ்வியல்பை அறிந்து, அவாவைத் தூண்டும் குறிகளை அமைத்து வாணிகம் செய்வோர்க்கும் இப்பொறுப்பில் பங்குண்டு.

முடிவுரை

திருக்குறளில் 'அவாவறுத்தல்' அதிகாரத்தை அடுத்து 'ஊழ்' அமைந்துள்ளது. மனித முயற்சியும் அதன் எல்லையும் அடுத்தடுத்து எண்ணத்தக்கவை என்பதை அவ்வைப்புமுறை நினைவூட்டுகிறது. அவாவின் தோற்றம் மனிதன் வயப்பட்டதன்று. அதனை அறிந்தபின் வாழும் முறை அவன் வயப்பட்டது. ஆதலின் அவாவுற்றோர்க்குப் பழியினும் துணையே முற்பட வழங்கத்தக்கது.