வாசலைத் திறந்தால் போதுமா?

சமுதாயக் கல்லூரி என்னும் பெயர் நம் விசாரணைக் குடும்பங்களுக்குப் புதிதல்ல. 1995-ல் புதுச்சேரிப் பல்கலைக்கழகமும், 1996-ல் சென்னை மயிலை அதிமேற்றிராசனமும் அந்தப் பெயரோடு கல்லூரிகளைத் தொடங்கின. பெயரும் யோசனையும் அமெரிக்க தேசத்திலிருந்து வந்தவை. அங்கே 1901-ல், சிக்காகோ நகருக்குத் தென்மேற்கேயுள்ள ஜோலியட் என்ற ஊரில், ஓர் உயர்நிலைப் பள்ளியை ஒட்டி, ஆறே மாணவர்களுடன் இவ்வகைக் கல்லூரிகளில் முதலாவது பிறந்தது. இன்று அந்நாட்டில் சுமார் ஆயிரம் இருக்கின்றன. பெரிய நகரங்களைச் சூழ்ந்த புறநகர்களில் இவற்றைச் சாதாரணமாகக் காணலாம். இரண்டு வருஷப் படிப்பு, சம்பளம் குறைவு, பள்ளிப் படிப்பை முடித்தவன் எவனும் நுழையலாம். ஏழைத் தொழிலாளியின் மகனுக்கு இதைவிட என்ன உபகாரம் வேண்டும் என்றுதான் நமக்குத் தோன்றும்.

ஆனால் ஒரு கேள்வி எழுகிறது. எல்லாரையும் உள்ளே விட்ட ஒரு கல்லூரி, அவர்களில் பெரும்பாலோர் பட்டமின்றித் திரும்பிப் போகிறதைப் பார்த்துக்கொண்டிருந்தால், தன் கடமையைச் செய்ததாகுமா?

முதலில் செலவைப் பார்ப்போம். 2023-24-ம் கல்வியாண்டில் அந்நாட்டு அரசாங்கச் சமுதாயக் கல்லூரிகளில், உள்ளூர் மாணவன் ஒரு வருஷத்துக்குக் கட்டிய சராசரிக் கட்டணம் 3,990 டாலர். நாலு வருஷப் பட்டம் தரும் மாநிலப் பல்கலைக்கழகங்களில் அதுவே 11,260 டாலர். பெரிய வித்தியாசம், சந்தேகமில்லை. ஆயினும் கட்டணம் வேறு, செலவு வேறு. பாடப் புத்தகம் இருக்கிறது, வீட்டு வாடகை இருக்கிறது. படிக்கும் நேரத்தில் சம்பாதிக்காமல் விட்ட கூலியும் இருக்கிறது. அதை எந்த ரசீதிலும் எழுதுவதில்லை. புறநகரென்றால் இன்னொன்றையும் சேர்க்கவேண்டும். அங்கே பஸ் அரிது. மோட்டார் வண்டியும் பெட்ரோலும் இல்லாதவனுக்குக் கல்லூரி வாசல் திறந்திருந்தும் மூடினதே.

பலனை அளப்பதும் அத்தனை எளிதல்ல. 1990-ம் வருஷத்துச் சட்டப்படி கல்லூரிகள் தங்கள் பட்டதாரிகளின் விகிதத்தை வெளியிடவேண்டும். முதன்முறையாகச் சேர்ந்து, முழு நேரமும் படிக்கிறவர்களில் எத்தனை பேர் மூன்று வருஷத்துக்குள் முடித்தார்கள் என்பதே அந்தக் கணக்கு. பகலில் வேலை செய்து மாலையில் ஒன்றிரண்டு பாடம் படிக்கிறவர்கள் இந்தக் கணக்கில் வருவதில்லை; இக்கல்லூரிகளில் அப்படிப்பட்டவர்களே பெரும்பாலோர். ஒரு வருஷம் நன்றாய்ப் படித்துப் பல்கலைக்கழகத்துக்கு மாறிப்போன கெட்டிக்காரப் பெண்ணும் பட்டம் பெற்றவளாக எண்ணப்படுவதில்லை. 2015-லிருந்து அரசாங்க ஏடு ஒன்று, படித்தவர்களின் பிற்காலச் சம்பளத்தையும் கல்லூரிவாரியாகக் காட்டுகிறது. பாலர் பள்ளி ஆசிரியை பற்றவைப்புத் தொழிலாளியைவிடக் குறைவாகச் சம்பாதிப்பதால் அவள் கற்றது வீண் என்று யார் சொல்வார்? அதை விட்டுவிடுவோம்.

எண்கள் குறையுள்ளவை என்று சொல்லி அவற்றின் பின்னால் ஒளிந்துகொள்வதும் நியாயமல்ல. இக்கல்லூரிகளில் சேருகிறவர்களில் மிகப் பலர் நாலு வருஷப் பட்டம் வரை போகவேண்டும் என்ற ஆசையோடுதான் வருகிறார்கள். ஆறு வருஷத்துக்குள் அதை அடைகிறவர்கள் நூற்றுக்குப் பதினாறு பேர் அளவே.

மற்றவர்கள் என்ன ஆனார்கள்? 1960-ல் பர்ட்டன் கிளார்க் என்ற சமூகவியல் அறிஞர் இதைப்பற்றிக் கசப்பான ஓர் உண்மையை எழுதினார். இக்கல்லூரிகள் மாணவனை வெளியே தள்ளுவதில்லை. அவன் ஆசையை மெல்ல மெல்ல ஆற்றிவிடுகின்றன. கடைசியில் தன் குறையால்தான் தோற்றோமென்று அவனே நம்பிப் போய்விடுகிறான் என்பது அவர் கருத்து. நம் வீடுகளிலும் படிப்பைப் பாதியில் விட்ட பிள்ளையைப்பற்றி, “அவனுக்குப் படிப்பு ஏறவில்லை” என்று எத்தனை சுலபமாய்ச் சொல்லிவிடுகிறோம்! நாலு பேர் சொன்னபின் அவனும் அதையே சொல்லிக்கொள்கிறான்.

அது மெய்தானா என்று ஒஹையோ மாநிலத்தில் சோதித்துப் பார்த்தார்கள். நியூயார்க் நகரச் சமுதாயக் கல்லூரிகளில் 2007-ல் தொடங்கிய ஒரு திட்டத்தைப் பின்பற்றி, மூன்று கல்லூரிகள் முன்வந்தன. அவற்றில் ஒன்று கிளீவ்லாண்டுக்கு மேற்கே எலிரியா என்ற ஊரிலுள்ள லொரெய்ன் கவுண்டி சமுதாயக் கல்லூரி. வசதி குறைந்த மாணவர்கள் சுமார் 1,500 பேரைச் சீட்டுக் குலுக்கினதுபோல் இரு கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்தாருக்கு வழக்கமான உதவி. மற்றவர்களுக்கு, மானியம் போக மீதிக் கட்டணம் தள்ளுபடி, புத்தகத்துக்குப் பணம், மாதந்தோறும் பெட்ரோலுக்கோ மளிகைக்கோ 50 டாலர், தங்கள் பெயரையும் கஷ்டத்தையும் அறிந்த ஓர் ஆலோசகர். மூன்று வருஷம் கழித்து, வழக்கமான கூட்டத்தில் நூற்றுக்கு 19 பேர் பட்டம் பெற்றிருந்தார்கள். மற்றக் கூட்டத்தில் 35 பேர். மாணவன் ஒருவனுக்கு ஆன செலவு கூடியது வாஸ்தவமே. ஆனால் பட்டம் பெற்றவர்களின் எண்ணிக்கையால் வகுத்தால், பட்டதாரி ஒருவனுக்கு ஆன செலவு குறைந்தே போயிற்று.

இரு கூட்டத்துக்கும் புத்தியில் வித்தியாசமில்லை; பிரித்தது குலுக்கல்தானே. நூற்றுக்குப் பதினாறு பேர், கொஞ்சம் பெட்ரோலும், “போன வாரம் ஏன் வரவில்லை?” என்று கேட்க ஓர் ஆளும் இல்லாமலிருந்தால், தங்களை மந்தபுத்திக்காரரென்று எண்ணிக்கொண்டு காலத்தைக் கழித்திருப்பார்கள். கோபுரம் கட்டத் தொடங்குமுன் செலவைக் கணக்குப் பார் என்ற எச்சரிக்கையை மாணவனுக்கே சொல்லிப் பழகிவிட்டோம். ஆளைச் சேர்த்துக்கொள்ளும் கல்லூரிக்கும் அது பொருந்தும் அல்லவா?

இப்படி எல்லாம் கொடுத்தால் பிள்ளைகளின் பிரயாசை கெட்டுப்போகும் என்று சிலர் ஆட்சேபிப்பார்கள். அங்கே நடந்தது அதற்கு மாறு. முழு நேரமும் படிக்கவேண்டும், ஆலோசகரைத் தவறாமல் காணவேண்டும்; இல்லையேல் அந்த 50 டாலர் கிடையாது. அதிகம் கொடுத்தார்கள், அதிகம் கேட்டார்கள்.

எனக்குள்ள ஆட்சேபம் வேறு. முழு நேரமும் படிக்கவேண்டும் என்ற அந்த நிபந்தனையே. இரவில் மருத்துவமனையில் துப்புரவு வேலை செய்துவிட்டு, காலையில் குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, வாரத்தில் ஒரே வகுப்புக்கு வருகிற தாய்க்கு அந்தச் சீட்டில் பெயரே இல்லை. சட்டப்படி போடும் பட்டதாரிக் கணக்கிலும் அவள் இல்லை. அதே கட்டணத்தை அவளும் பாடத்துக்கு இவ்வளவென்று கட்டுகிறாள். அவள் ஒரு நாள் வராமல் நின்றுபோனால், ஏனென்று விசாரிக்கக் கடமைப்பட்டவர் அந்தக் கல்லூரியில் யார்?