காத்தலும் வளர்த்தலும்

2001ஆம் ஆண்டின் இறுதியில், கென்யா நாட்டுச் சம்புரு வனவிலங்குக் காப்பகத்தில், பெண்சிங்கம் ஒன்று ஓரிக்ஸ் என்னும் நீள்கொம்பு மானின் கன்றைத் தன் குட்டியெனக் கொண்டது. கொன்று தின்னும் இயல்பினதாகிய அது, கன்றின் அருகே படுத்துறங்கியது, காவல் புரிந்தது. ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்குப் பின், அது அயர்ந்திருந்த வேளையில் ஆண்சிங்கம் ஒன்று கன்றைக் கொன்றுவிட்டது. அதன் பின்னரும் அது வேறு மான்கன்றுகளை நாடிச் சென்றது. அவ்வட்டார மக்கள் அதனைக் ‘கமுன்யாக்’ என்றழைத்தனர். அருள் பெற்றது என்பது பொருள்.

அன்பின் வெற்றி என இதனைப் புகழ்வோர் பலர். புகழுமுன் கன்றின் நிலையினின்றும் நோக்குதல் வேண்டும். சிங்கத்திடம் அதற்கு ஊட்டப் பாலில்லை. பாலுடைய தாய்மானோ அஞ்சி விலகி நின்றது. கன்றைப் பிரிந்து வேட்டைக்குச் செல்லாமல் சிங்கமும் பட்டினி கிடந்தது. தன் பசியையே துறந்த ஒன்றின் பற்றினை வெறும் மயக்கமென ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

நம் ஊர்களில் குயிற்குஞ்சுக்கு இரையூட்டும் காகத்தை எண்ணுக. காகம் ஏமாற்றப்பட்டது, எனினும் குஞ்சு பிழைக்கிறது. கமுன்யாக்கை எவரும் ஏமாற்றவில்லை, கன்றோ பிழைக்கவில்லை. நோக்கத்தை அளவுகோலாகக் கொண்டால் சிங்கம் உயரும். பயனைக் கொண்டால் காகம் உயரும். பிறர் பிள்ளைகளைப் பொறுப்பேற்கும் நம்மனைய ஆசிரியர்க்கு முன்னதே இனிக்கும் என்பதில் ஐயமில்லை.

அச்சிங்கம் சிற்சில வேளைகளில் தாய்மானை அணுகவிட்டுக் கன்றுக்குப் பாலூட்ட இடந்தந்தது என்றும் அந்நாளில் செய்திகள் வந்தன. அதன் இரண்டு வாரக் காவலினும் அந்தச் சில வேளைகளையே நான் உயர்வாகக் கருதுகிறேன்.