திருத்தமும் தொண்டும்

தொண்டு செய்யப் புறப்படும் ஓர் இளைஞனை முதலில் தாள்களை நிரப்பச் சொல்வது முறையா? அமெரிக்கச் சாரணர் இயக்கத்தில் இக்கேள்வி அடிக்கடி எழக்கூடியது. 1910-இல் தோன்றி, 2025 முதல் 'ஸ்கவுட்டிங் அமெரிக்கா' என்ற பெயரில் இயங்கும் அவ்வியக்கத்தின் உயர்ந்த படி 'ஈகிள் ஸ்கவுட்'. அதை நாடுபவர், 18 வயது நிறைவதற்குள், வழிபாட்டு நிறுவனத்திற்கோ பள்ளிக்கோ ஊருக்கோ பயன்படும் பணி ஒன்றைத் திட்டமிட்டு, பிறரை முன்னின்று நடத்தி முடிக்க வேண்டும். பணியைத் தொடங்குமுன் எழுத்தில் ஒரு முன்வரைவு தரவேண்டும். பயன்பெறும் அமைப்பு, படைத்தலைவர், படையின் குழு, வட்டார அலுவலர் ஆகிய நான்கு தரப்பினரும் அதை ஏற்றுக் கையொப்பமிட வேண்டும்.

பூங்காவில் முதியோர் அமர இருக்கைகள் செய்ய ஒருவன் முன்வரைவு எழுதுகிறான் என்று கொள்வோம். "மரம் அறுக்கும்போது உடனிருந்து பார்த்துக்கொள்பவர் யார்? மழை வந்தால்?" என்ற குறிப்புகளுடன் தலைவர் அதைத் திருப்பி அனுப்புகிறார். சிறுவனுக்குச் சினம் வரலாம். 'என் எழுத்தில் குறையா?' என்பது அகங்காரத்தின் குரல். அல்லது சொன்னதையெல்லாம் யோசியாமல் எழுதிக் கொடுத்துவிடலாம். இதைப் பணிவு என்று பாராட்டுகிறோம். உண்மையில் கையொப்பம் என்ற பலனின் மீதுள்ள பற்றே அவனை அங்ஙனம் வளையச் செய்கிறது. முன்னவன் புகழை நாடினான், பின்னவன் பட்டத்தை நாடுகிறான். மரத்தூள் யார் கண்ணில் விழும் என்பதை இருவருமே எண்ணிப் பார்க்கவில்லை.

ஞானத்தை அடையும் வழியாகக் கீதையின் நான்காம் அத்தியாயம் பணிதல், வினவுதல், தொண்டு என மூன்றைக் கூறுகிறது. நடுவிலுள்ளதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். "ஐயா, இந்த மாற்றம் எதற்காக?" என்று கேட்கும் சிறுவன் மரியாதை தவறியவன் அல்லன். விடை கிடைத்தபின் அத்திருத்தம் அவனுடையதாகவே ஆகிவிடுகிறது.

தலைவருக்கும் கடமை உண்டு. விதித்த தகுதிகளைக் கூட்டவோ குறைக்கவோ எவருக்கும் உரிமையில்லை என்பது அவ்வியக்கத்தின் விதி. பணிக்கு இத்தனை மணி நேரம் என்ற குறைந்தபட்ச அளவும் இல்லை. பணி நிறைவேறக்கூடியதா, பாதுகாப்பு எண்ணப்பட்டதா, தலைமை தாங்க இடமுண்டா என்பன போன்றவற்றையே அவர் பார்க்க வேண்டும். தமக்குப் பிடித்த நடையை வற்புறுத்துவதும், பரிவு மேலிட்டு முழுவதையும் தாமே எழுதித் தருவதும் சிறுவனிடமிருந்து பணியைப் பறித்துக்கொள்வதே. இரண்டாவது அன்பின் வடிவில் வருவதால் கண்டுபிடிப்பது கடினம்.

முன்வரைவு ஏற்கப்பட்டபின் விரிவான திட்டம் ஒன்றையும் எழுத வேண்டும். அதற்கு எவருடைய ஒப்புதலும் தேவையில்லை. பயிற்சியாளர் ஒருவரிடம் காட்டுவது நன்று என்ற அறிவுரை மட்டுமே உண்டு. கையொப்பமே கிடைக்காத அந்தத் தாளில் அவர் எழுதும் குறிப்புகளைச் சிறுவன் எப்படிப் படிக்கிறான் என்பதை அவனைத் தவிர எவரும் அறியப்போவதில்லை.