முள் போகாத மூலை

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாப்பிள்ளை நாவலூர் வீட்டுக்கு வந்தபோது கையில் புது வாட்ச். புதிது என்றால் அவருக்குப் புதிது. யாரோ பத்து வருஷம் கட்டியதைத்தான் வாங்கியிருக்கிறார். ஜெகர் லெகூல்ட்ர் கம்பெனியின் ரிவர்ஸோ. நீள்சதுரக் கூடு, மேலும் கீழும் மும்மூன்று வரி. அவர் வேலை பார்க்கும் சிறுசேரி சிப்காட்டில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லையாம். அந்தப் பணத்துக்கு எல்லோருக்கும் பெயர் தெரிந்த வட்ட வாட்ச் ஒன்றைக் கட்டியிருந்தால் லிஃப்டிலேயே நாலு பேர் விசாரித்திருப்பார்கள்.

“அதுக்காகத்தான் மாமா இதை வாங்கினேன்” என்றார்.

ஆணவம் செம்பில் களிம்பு மாதிரி என்பது சைவ சித்தாந்த வகுப்பில் முதல் மாதமே சொல்லித்தருவது. மேலே துலக்கினால் அடியில் போய் ஒட்டிக்கொள்ளும். யாருக்கும் தெரியாது என்பதில் ஒரு பெருமை, தெரிந்தவன் ஒருவன் என்றைக்காவது கேட்பான் என்று ஒரு காத்திருப்பு. இதை அவரிடம் சொல்லவில்லை. சொல்லும் யோக்கியதை எனக்கில்லை. என் கையில் இருந்தது எச்.எம்.டி. காஞ்சன்.

1961இல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனி துணையோடு பெங்களூரில் வாட்ச் செய்யத் தொடங்கிய அரசு நிறுவனம் எச்.எம்.டி. காஞ்சன் அவர்களுடைய ஆட்டோமேட்டிக். சாவி கொடுக்க வேண்டாம், கை அசைந்தால் போதும். தங்கமுலாம். வட்டமும் இல்லை, சுத்தமான சதுரமும் இல்லை. சதுரத்தின் மூலைகளை யாரோ தேய்த்து மழுக்கியது போல இருக்கும். அன்றைக்குக் கடையில் போய்க் கேட்டால் கிடைத்துவிடாது. என் கல்யாணத்துக்கு, 1986 தை மாதம், “மாப்பிள்ளைக்குக் காஞ்சன்” என்று என் அம்மா கேட்டாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன், வாய் திறக்கவில்லை. மாமனார் யார் யாரிடமோ சொல்லிவைத்து வாங்கிவந்தார். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை. அந்த வாட்ச் மேல் உள்ள ஆசையும் போகவில்லை.

இந்த ஆசைதான் என் கேள்வி. காலத்துக்கு உருவம் கிடையாது. முப்பத்தாறு தத்துவங்களில் அதுவும் ஒன்று, மாயையில் தோன்றிய சடம் என்று படித்தாயிற்று. உருவமே இல்லாத ஒன்றைக் காட்டும் கருவியின் உருவத்தில் மனசு ஏன் போய் நிற்கிறது?

வாட்ச் வட்டமாக இருப்பதற்கு நியாயமான காரணம் உண்டு. சக்கரம் சுற்றுகிறது, முள் சுற்றுகிறது, கூடும் அப்படியே அமைகிறது. வட்டக் கூட்டுக்குத் திருகு மூடி போட்டுத் தண்ணீர் புகாமல் அடைப்பதும் சுலபம். மூலை இருந்தால் அங்கேதான் கசியும். அதனாலேயே வட்டம் ஜெயித்தது. ஜெயித்த பிறகு அது கூடு என்பதே மறந்துபோய், காலமே உருண்டை என்று நினைக்க ஆரம்பித்துவிட்டோம்.

மாப்பிள்ளையின் வாட்சைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். டயலின் அகலம் குறைவு, அதனால் பெரிய முள்ளும் குட்டை. மூன்றிலும் ஒன்பதிலும் ஓரத்தை நெருங்கிவிடுகிறது. பன்னிரண்டுக்கு வந்தால் எட்டாமல் கீழேயே நின்றுவிடுகிறது. நான்கு மூலைக்கும் அது ஒருபோதும் போகாது. போகாத இடத்தையும் சேர்த்து வீடு கட்டியிருக்கிறான் செய்தவன். அந்த மூலைகளைப் பார்த்தபோதுதான், முள் வேறு, கூடு வேறு, இரண்டும் காட்டுகிற காலம் இன்னும் வேறு என்று புத்தியில் பட்டது. வட்ட வாட்ச் இதை எனக்குச் சொன்னதே இல்லை.

எங்கள் ஊர்ப்பக்கம் இதைக் கல்லில் பார்க்கலாம். மாமல்லபுரத்து ஐந்து ரதங்கள் ஏழாம் நூற்றாண்டுப் பல்லவர் வேலை. பாண்டவர் பெயரெல்லாம் பின்னால் வந்தது. திரௌபதிக்குச் சொல்லப்படுவது கூரைக் குடிசை. பீமனுடையது வண்டிக்கூடு கவிழ்த்த நீள்கூரை. தருமராசருடையது தளம் மேல் தளம். சகாதேவனுடையது பின்பக்கம் வளைந்த தூங்கானை மாடம். இறைவன் குடியிருக்க எந்தக் கூடு பொருந்தும் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது போல இருக்கிறது. வேலை முடியவும் இல்லை.

உருவம் ஏணி, ஏறிய பிறகு தள்ளிவிடலாம் என்பார்கள் சிலர். எனக்கு அதில் சம்மதமில்லை. அருவம் நான்கு, உருவம் நான்கு, நடுவில் அருவுருவம் ஒன்று என்று இறைவனுக்கு ஒன்பது நிலை சொல்கிறது சித்தாந்தம். அதில் உருவம் அவனுடைய தேவைக்கு அல்ல, நமக்காக எடுத்தது. நமக்காக ஒருவன் செய்ததைத் தள்ளிவிடுவது என்ன மரியாதை? மாமனார் அலைந்து வாங்கிய காஞ்சனை நான் கழற்றாததும் இதனால்தான்.

“திருப்பிப் பாருங்க மாமா” என்றார் மாப்பிள்ளை. கூட்டைப் பக்கவாட்டில் தள்ளிப் புரட்டினால் டயல் உள்ளே போய்விடுகிறது, மேலே வெறும் எஃகு. இந்தியாவில் போலோ ஆடிய வெள்ளைக்கார அதிகாரிகளின் வாட்ச் கண்ணாடி உடையாமல் இருக்க 1931இல் இப்படிச் செய்தார்களாம். இறைவனின் ஐந்தொழிலில் மறைத்தலும் ஒன்று, அதையும் அருள் கணக்கில்தான் வைத்திருக்கிறார்கள். காதில் வைத்தேன். உள்ளே ஓடிக்கொண்டிருந்தது.

மாமல்லபுரம் போனால் சகாதேவ ரதத்துக்குப் பின்னால் ஒரு நிமிஷம் நில்லுங்கள். பக்கத்தில் நிற்கும் கல் யானையோடு எல்லோரும் படம் எடுத்துக்கொள்வார்கள். அந்த யானையின் முதுகையும் ரதத்தின் முதுகையும் சேர்த்துப் பாருங்கள்.